கண்டி மலைநாட்டில் ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி: அம்பிட்டியவிலிருந்து பேராதனை வரை

கண்டி வாவியின் கரையிலிருந்து தென்கிழக்குத் திசையாக மேலேறிச் செல்லும் வீதியிலே, நகரத்தின் ஓசை அடங்கும் தொலைவில் அம்பிட்டிய என்னும் ஊர் அமைந்துள்ளது. இவ்வூரின் பெயர் இலங்கைக்கு வெளியே அறியப்பட்டமைக்கு முதற் காரணமாயிருந்தது, 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோவினால் நிறுவப்பெற்ற குருமடமாகும். இந்தியத் துணைக்கண்டத்தின் மறைமாவட்டங்களுக்குச் சுதேச குருமாரைப் பயிற்றுவித்தலே அதன் நோக்கம். பெல்ஜிய நாட்டு யேசுசபைத் துறவியர் அங்கு ஆசிரியராயிருந்தனர். மலையாளம், தமிழ், கொங்கணி, சிங்களம் முதலாய பல மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்ட இளைஞர் ஒரே கூரையின் கீழ்த் தங்கிப் பயின்றனர். 1953இல் இந்தியாவின் முதற் கர்தினாலாக உயர்த்தப்பட்ட வலேரியன் கிரேசியஸ் அம்பிட்டியவின் பழைய மாணவரே. 1955இல் அக்குருமடம் பூனா நகருக்கு மாற்றப்பட்டது. அதன்பின் இலங்கையின் தேசியக் குருமடம் அவ்விடத்தில் இயங்கலாயிற்று.

அக்காலக் கத்தோலிக்க மரபுக்கிணங்க, மெய்யியலும் இறையியலும் அங்கு இலத்தீனிலேயே போதிக்கப்பட்டன. மாணவன் இலத்தீனிலே கேட்டான்; இலத்தீனிலே விடை கூறினான். இஃது இன்றைய நோக்கிற் கொடிய சுமையாகத் தோன்றலாம். ஆயினும் ஒன்று நோக்கற்பாலது. இலத்தீன் அம்மண்டபத்திலிருந்த எவர்க்கும் தாய்மொழியன்று. போதித்த பெல்ஜியருக்கும் அன்று. எனவே பிழை விட்டவன் பிழை விட்ட மாணவனாக மட்டுமே கருதப்பட்டான். அவனுடைய குலமும் இல்லமும் அப்பிழையினால் அளக்கப்படவில்லை. அதே காலத்தில், அதே மலையடிவாரத்திலிருந்த கண்டி நகரப் பாடசாலைகளிலே ஆங்கிலக் கட்டுரை எழுதிய சிறுவனின் நிலை முற்றிலும் வேறாயிருந்தது. அவனுடைய கொப்பியிற் சிவப்பு மையினால் இடப்பட்ட ஒவ்வொரு கோடும் அவன் எவ்வகை வீட்டிலிருந்து வந்தான் என்பதைக் காட்டிக்கொடுத்தது. அக்கொப்பியைத் திருத்தியவர் யார், திருத்துவதற்கு யாருமில்லாதவன் யாது செய்தான் என்னும் வினாக்களே ஈண்டு ஆராயப்படுவன.

கண்டி இராச்சியம் 1815இற் பிரித்தானியர் வசமாயிற்று. 1833இல் நடைமுறைக்கு வந்த கோல்புறூக்–கமரன் சீர்திருத்தங்கள் ஆங்கிலக் கல்வியை அரசாங்க உத்தியோகத்திற்குரிய வாயிலாக்கின. 1857இற் கண்டியில் ஆங்கிலத் திருச்சபையினர் தொடக்கிய பாடசாலை, 1872இல் திரித்துவக் கல்லூரி என்ற பெயருடன் புத்துயிர் பெற்றது. 1854இல் தோன்றிய புனித அந்தோனியார் கல்லூரி, 1887இல் நிறுவப்பட்ட தர்மராஜ கல்லூரி ஆகியனவும் இவ்வரிசையிற் சேர்வன. 1880 முதல் கேம்பிறிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் இலங்கையில் நடைபெறலாயின. கண்டிச் சிறுவனின் விடைத்தாள் கடல் கடந்து சென்று, அவனை ஒருபோதுங் கண்டிராத ஒருவராற் புள்ளியிடப்பட்டது. இலக்கணக் கூறுபாடு, செய்யுளை உரைநடையாக்கல், சாராம்சம் எழுதுதல், கட்டுரை வரைதல் என்பனவே பயிற்சிகளாயிருந்தன. இந்தியப் பாடசாலைகளுக்கென நெஸ்பீல்டு எழுதிய இலக்கண நூல்கள் இத்தகைய பயிற்சிகளுக்குப் பெரிதும் உதவின.

இப்பயிற்சிகளுள் ஒன்று தமிழ் மாணவனுக்கு அறவே புதியதன்று. செய்யுளை உரைநடையாக்கல் என்பது நமது பொழிப்புரை மரபினின்றும் பெரிதும் வேறுபட்டதன்று. நன்னூலையும் நைடதத்தையும் பதவுரை, பொழிப்புரை, விசேடவுரை என்ற முறையிலே பாடங்கேட்ட வீட்டிலிருந்து வந்தவன், ஆங்கிலச் செய்யுளின் அடிகளைக் கொண்டுகூட்டிப் பொருள்கொள்ளுவதில் இடர்ப்படவில்லை. இடர் விளைந்தது கட்டுரையிலேயே. குறிஞ்சி நிலத்துச் சிறுவன் காணாத டஃபோடில் மலரைப் பற்றிப் படிக்க வேண்டியிருந்தது என்ற குறை பலராலும் கூறப்பட்டு வந்துள்ளது. காணாத மலரைப் பாடுவது தமிழ் இலக்கியம் கற்றவனுக்கு வியப்பன்று. குறிஞ்சிப்பாட்டின் மலர்கள் அனைத்தையும் கண்டவர் எத்தனைபேர்? உண்மையான தடை மலரில் இல்லை, வாக்கியத்திலேயே இருந்தது.

'நேற்று மழையில் நனைந்து வந்த மாணவன்' என்று தமிழிற் பெயரெச்சம் பெயருக்கு முன்னே நிற்கும். ஆங்கிலத்திலோ மாணவனை முதலிற் கூறி, அவனைப் பற்றிய செய்தியைப் பின்னே தொடுக்க வேண்டும். 'எழுந்து, குளித்து, உண்டு, சென்றான்' என வினையெச்சங்களை அடுக்கி ஒரு முற்றில் நிறுத்துவது தமிழுக்கு இயல்பு. அதனை அவ்வாறே பெயர்க்க முற்பட்டவன், 'ஹாவிங்' என்ற சொல்லாற் தொடங்கும் நீண்ட வாக்கியங்களை எழுதினான். 'ஏ', 'தி' என்னும் சுட்டிகளுக்கு நிகரானவை தமிழில் இன்மையால் அவற்றை வேண்டாத இடத்தில் இட்டு, வேண்டிய இடத்தில் விட்டான். நமது வேற்றுமை உருபு பெயரின் பின்னே ஒட்டும். ஆங்கில முன்னிடைச்சொல் பெயரின் முன்னே தனித்து நிற்கும். இவை அறியாமையால் நேர்ந்த பிழைகளல்ல. ஒரு மொழியின் ஒழுங்கினை நன்கறிந்தவன் மற்றொரு மொழியில் அவ்வொழுங்கினையே தேடியதனால் விளைந்தவை. இதனை எடுத்து விளக்கக்கூடியவர் இரு மொழியும் அறிந்த ஆசிரியர் ஒருவரே. ஆனால் பெரும்பாலான ஆங்கிலப் பாடசாலைகளில் மாணவனின் தாய்மொழிக்கு வகுப்பறையில் இடமிருக்கவில்லை.

கண்டியிற் பிறந்த பறங்கியரான எல். ஈ. பிளேஸ் 1891ஆம் ஆண்டு மே மாதம் பவிலியன் வீதியில் பதினொரு மாணவருடன் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். பின்னாளில் கிங்ஸ்வுட் கல்லூரி எனப் பெயர்பெற்றது அதுவே. 1923 வரை அதன் தலைமை ஆசிரியராயிருந்த பிளேஸ், பாடசாலை மாணவர்க்கென இலங்கை வரலாற்று நூலொன்றையும் ஆங்கிலத்தில் எழுதினார். பதினொருவர் கொண்ட வகுப்பிலே ஒவ்வொரு கொப்பியையும் ஆசிரியர் படித்துத் திருத்துதல் கூடும். நாற்பதின்மர் கொண்ட வகுப்பில் அது கூடாது. ஆங்கிலக் கட்டுரைக் கல்வியின் வரலாற்றில் இந்த எளிய கணக்கைப் போன்று வலிமை வாய்ந்த காரணி பிறிதில்லை எனல் மிகையாகாது. இதே நகரிலே வழக்கறிஞராக விளங்கியவரும், 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்னும் நாவலை வெளியிட்டவருமாகிய சித்திலெப்பை, தமது தமிழ் வார இதழான 'முஸ்லிம் நேசன்' வாயிலாக முஸ்லிம்களை நவீன கல்வி கற்குமாறு தூண்டினார். அத்தூண்டுதல் தமிழிலேயே நிகழ்ந்தது என்பது குறித்துக்கொள்ளத்தக்கது.

1904இல் திரித்துவக் கல்லூரியின் அதிபராக வந்த ஏ. ஜி. பிறேசர், இவ்வரலாற்றில் தனித்து நோக்கப்பட வேண்டியவர். ஸ்கொத்லாந்து மிசனரியாகிய அவரே, மாணவர் தமது தாய்மொழியை அறியாதிருத்தலைக் குறைபாடாகக் கண்டு, சிங்களத்தையும் தமிழையும் கல்லூரிப் பாடத்திட்டத்திற் புகுத்தினார். பெற்றோர் பலர்க்கு இஃது உவப்பாயிருந்திருக்க முடியாது. அவர்கள் கட்டணஞ் செலுத்தியது ஆங்கிலத்துக்கேயன்றித் தமிழுக்கன்று. பிறேசர் 1924இற் கண்டியை விட்டு நீங்கி, மேற்காபிரிக்காவில் அச்சிமோட்டாக் கல்லூரியின் முதல் அதிபரானார். தாய்மொழியிற் சிந்திக்கப் பழகாதவன் பிறமொழியில் எழுதுவது பிறர் சிந்தனையையே என்ற உண்மையைக் கண்டிப் பாடசாலையொன்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செயலில் ஏற்றுக்கொண்டது. எனினும் அதனை ஏற்றுக்கொண்டது கட்டணம் அறவிடும் கல்லூரி. அதனாற் பயன்பெற்றவர் ஆங்கிலத்தையும் இழக்காதவர். மலையின் மறுபுறத்திலிருந்த சுயபாஷைப் பாடசாலை மாணவனுக்கோ தாய்மொழி இருந்தது, ஆங்கிலம் இருக்கவில்லை.

1921இற் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டு, இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்கு மாணவர் ஆயத்தஞ் செய்யப்பட்டனர். அங்கு 1936இல் ஆங்கிலப் பேராசிரியரானவர் காலியிற் பிறந்த ஈ. எப். சி. லுடோவைக். கேம்பிறிட்ஜிற் பயின்று திரும்பிய அவரது காலத்தில் ஆங்கில இலக்கியக் கல்வியிற் பெருமாற்றமொன்று நிகழ்ந்தது. அதுவரை இலக்கிய விடை என்பது ஆசிரியர் எழுதுவித்த குறிப்பை மனனஞ் செய்து ஒப்புவித்தலாக இருந்தது. ஐ. ஏ. றிச்சட்ஸ் தமது கேம்பிறிட்ஜ் மாணவர்க்கு ஆசிரியர் பெயரோ காலமோ கூறாது செய்யுள்களை வழங்கி, அவர்கள் எழுதியவற்றை ஆராய்ந்து 1929இல் 'செய்முறைத் திறனாய்வு' என்ற கருத்தமைந்த தலைப்பில் நூல் வெளியிட்டிருந்தார். பெயரறியாக் கவிதையின் முன் கேம்பிறிட்ஜ் மாணவரும் தடுமாறினர் என்பது அந்நூல் உலகுக்கு உணர்த்திய செய்தி. இலங்கை மாணவர்க்கு அஃது ஒருவகை ஆறுதலாகவும் அமைந்திருத்தல் கூடும்.

இம்முறையில் மாணவன் நூலை நூலாகவே எதிர்கொள்ள வேண்டும். ஏன் இச்சொல், ஏன் இவ்வடியில் இந்நிறுத்தம், இப்பாத்திரம் ஈண்டு இதனை ஏன் கூறவேண்டும் என்று வினவிச் செல்ல வேண்டும். நாடகத்தை மேடையேற்றிப் பார்த்தலும் படிப்பின் கூறாகவே கருதப்பட்டது; பல்கலைக்கழக நாடகச் சங்கத்தின் உயிர்நாடியாக லுடோவைக் விளங்கினார். 1962இற் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட 'ஷேக்ஸ்பியரை விளங்கிக்கொள்ளல்' என்னும் அவரது நூல், மாணவர் கையில் வழங்கிய மலிவுக் குறிப்புப் புத்தகங்களுக்கு ஏற்ற மறுமொழியாகும். மாணவனுக்கு உதவுதல் என்பது அவனுக்குப் பதிலாக எழுதிக் கொடுத்தலன்று என்னும் வேறுபாட்டை அந்நூலின் போக்கே புலப்படுத்துகின்றது.

இதன் அலை தமிழ்த்துறையையும் தீண்டியது என்பது நம்மவராற் போதியளவு கவனிக்கப்படவில்லை. பொழிப்புரை கூறி, உவமை நயம் இரண்டை எடுத்துக்காட்டி முடிக்கும் பழைய விடைமுறைக்கு மாற்றாக, கவிதையின் சொல்லும் ஓசையும் பொருளும் இயைந்து செல்லும் பாங்கினை ஆராயும் முறை ஈழத்துத் தமிழ்க் கல்வியிலும் இடம்பெற்றது. க. கைலாசபதியும் இ. முருகையனும் இணைந்து எழுதி 1970இல் வெளிவந்த 'கவிதை நயம்' இதற்குத் தக்க சான்று. கைலாசபதி பேராதனையிற் கற்று, பேர்மிங்ஹாமில் ஆங்கிலத்தில் ஆய்வேடு சமர்ப்பித்தவர். அவ்வாய்வு 1968இல் ஒக்ஸ்போர்டில் நூலாயிற்று. தமிழ் வீரயுகப் பாடல்களைப் பற்றிய அந்நூலை எழுதுவதற்கும் ஆங்கிலக் கட்டுரைத் திறன் வேண்டியிருந்தது.

1952இற் கலைப்பீடம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. மகாவலி கங்கையின் இருமருங்கிலும் விரிந்த அவ்வளாகத்திலிருந்து அம்பிட்டிய சில கல் தொலைவே. அங்கு இலத்தீனும் இங்கு ஆங்கிலமுமாக இரு பிறமொழிக் கல்விக்கூடங்கள் மூன்றாண்டுக் காலம் ஒரே நகரின் இரு பக்கங்களில் நிலவின. குருமடம் 1955இற் பூனாவுக்குச் சென்றது. மறு ஆண்டில் லுடோவைக் ஓய்வுபெற்று இங்கிலாந்து சென்றார். அரசகருமமொழிச் சட்டம் நிறைவேறியதும் அதே 1956இலேயே.

ஆயினும் கல்விமொழி மாற்றம் 1956இற் தொடங்கியதன்று. சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வியும் ஆரம்ப வகுப்புகளிற் தாய்மொழிப் போதனையும் நடைமுறைக்கு வந்தன. அன்று முதலாம் வகுப்பிலிருந்த தலைமுறை படிப்படியாக மேலேறி, 1960இற் பல்கலைக்கழகத்தின் வாயிலை அடைந்தது. அவ்வாண்டு முதல் கலைப்பீடத்திற்குச் சிங்களத்திலும் தமிழிலும் கற்ற மாணவர் அனுமதிக்கப்பட்டனர். இலங்கையின் உயர்கல்வி வரலாற்றில் இதற்கு இணையான நிகழ்ச்சி வேறில்லை. கட்டணப் பாடசாலைகளின் பக்கம் தலைவைத்தும் பாராத குடும்பங்களின் பிள்ளைகள் முதன்முதலாக விரிவுரை மண்டபத்துள் நுழைந்தனர்.

நுழைந்தவர் கண்டது யாது? விரிவுரை தமிழில், நூலகம் ஆங்கிலத்தில். வரலாறு, பொருளியல், புவியியல், மெய்யியல் ஆகிய எத்துறையாயினும் தமிழ் நூல்கள் மிகச் சிலவே. தமிழின் வரலாற்றைக் கற்க விரும்பியவனும் ஆங்கில நூல்களை நாட வேண்டியிருந்தது. எனவே விரிவுரையாளர் கூறியதைச் சொற்பிசகாது எழுதிக்கொண்டு, அதனையே பரீட்சையில் திருப்பி எழுதும் வழக்கம் வேரூன்றியது. லுடோவைக் தலைமுறை விரட்ட முயன்ற 'குறிப்பு' சுயபாஷை வடிவம் பெற்றுப் பின்வாயிலாற் திரும்பியது எனலாம். இதற்குச் சுயபாஷைக் கல்வியைக் குறைகூறுவோர் உளர். அவர் கூற்று ஏற்கத்தக்கதன்று. தாய்மொழியிற் கற்பித்தது பிழையன்று. நூலின்றிக் கற்பித்ததே பிழை. ஆங்கிலம் வாசிக்கும் ஆற்றலை வழங்காமலும், அதற்கீடான தமிழ் நூல்களை ஆக்காமலும், இரண்டுக்கும் இடையே மாணவனை நிறுத்தி வைத்தமையே அநீதி.

இவ்விடர்ப்பாட்டைத் தெளிவாக உணர்ந்தவருள் ஆங்கிலத்துறை விரிவுரையாளர் டொறிக் டி சூசா முதன்மையானவர். சமசமாஜக் கட்சியின் முன்னணியினருள் ஒருவராகவும் செனற்சபை உறுப்பினராகவும் இருந்தவர் அவர். சுயபாஷை மாணவர்க்கு ஆங்கிலம் எதற்காக என்ற வினாவை அவர் நேருக்குநேர் எழுப்பினார். மேட்டுக்குடியினரைப் போற் பேசுவதற்கன்று. தத்தம் துறை நூல்களை வாசித்து விளங்குவதற்கே என்பது அவர் கண்ட விடை. 1969இல் ஆங்கில நாளிதழொன்றில் இது பற்றித் தொடராகவும் எழுதினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் வங்காளத்தின் டாக்காவில் ஆசிரிய கலாசாலைப் பணியிலிருந்த மைக்கல் வெஸ்ட், இந்தியச் சிறுவனுக்கு முதலில் வேண்டியது வாசிப்பாற்றலே என வாதிட்டுத் தமது வாசிப்பு நூல்வரிசையை ஆக்கியிருந்தார். வெஸ்டின் நிலைப்பாடு சிறுவரைக் குறித்தது. டி சூசாவினுடையது வளர்ந்த மாணவரைக் குறித்தது. இருவரும் வாசிப்பையே முதற்படியாகக் கொண்டமை ஒப்புநோக்கத்தக்கது.

இக்கொள்கைக்கும் ஒரு குறை உண்டு. வாசிக்க மட்டும் பழகியவன் பிறர் கூறுவதை அறிவான்; தான் கூறவேண்டியதை உலகுக்கு அறிவிக்கமாட்டான். உத்தியோக நேர்முகப் பரீட்சையில் அவனுடைய வாசிப்பாற்றலை எவரும் வினவவில்லை. பேச்சும் விண்ணப்பக் கடிதமுமே அவனை வாயிலிலிருந்து திருப்பியனுப்பின. பல்கலைக்கழக மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்று சிங்களத்தில் அழைக்கலாயினர். வாள் என்பது அதன் பொருள். ஏந்தியவன் வெட்டுவான், ஏந்தாதவன் வெட்டுண்பான். பேராதனை மொழியியலாளர் திரு கந்தையா ('திரு' ஈண்டு மரியாதை அடையன்று, பெயரின் பகுதி) இச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு, இலங்கையில் ஆங்கிலம் அதிகாரக் கருவியாக இயங்கும் வகையினை விரிவாக ஆராய்ந்தார். 1984இல் அக்கட்டுரை வெளிவந்தது, லுடோவைக்கைக் கௌரவித்துத் தொகுக்கப்பட்ட ஆங்கில மலரிலேயே.

வாளின் முனையை மிக அருகிற் கண்டவர் மலையகத் தமிழ்ப் பிள்ளைகளே. கண்டி மாவட்டத் தோட்டங்களிற் பாடசாலை என்பது நெடுங்காலம் ஐந்தாம் வகுப்புடன் முடிந்தது. பெரும்பாலும் ஓர் ஆசிரியரே எல்லா வகுப்புக்களையும் ஒரே கூரையின் கீழ் நடத்தினார். ஆங்கிலம் துரையின் பங்களாவிலும் கணக்கப்பிள்ளையின் பதிவேட்டிலும் இருந்ததேயன்றிப் பாடசாலையில் இருக்கவில்லை. அத்தகைய தோட்டமொன்றிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தைக் கற்று, 1954இல் தேயிலைத் தோட்ட மக்களின் துயரை ஆங்கிலக் கவிதையாக வெளியிட்டார். அவர் ஒருவர், அவருடன் பிறந்து வளர்ந்து கையெழுத்திடவும் அறியாதிருந்தோர் பல்லாயிரவர். 1970களிற் தோட்டங்கள் அரசுடைமையானதையொட்டித் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசினால் ஏற்கப்பட்டன. ஆங்கில ஆசிரியர் மட்டும் அத்துணை விரைவாக மலையேறவில்லை.

இவ்விடைவெளியை நிரப்பியது ரியூட்டரி. பாடசாலை முடிந்தபின் பிற்பகலிலும், வார இறுதி நாட்களிலும் பிரத்தியேக வகுப்பு நடத்தும் வழக்கம் யாழ்ப்பாணத்திற்போலக் கண்டியிலும் பெருகியது. வகுப்பிற் சிலர்க்கு அது பெரும் உதவியாயிற்று என்பதை மறுத்தல் நேர்மையாகாது. பாடசாலையில் எவரும் விளக்காத பெயரெச்சச் சிக்கலை, பலகை வாங்கிலில் நெருங்கியமர்ந்து தமிழில் விளக்கக் கேட்டுத் தெளிந்தவர் உளர். ஆனால் இலவசக் கல்வி நீக்கிய கட்டணம் இவ்வழியாக மீண்டும் வந்து சேர்ந்தது. மாதக் கட்டணத்தைச் செலுத்தியவனின் கொப்பி திருத்தப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே அமரும் வகுப்புகளில் அதுவுமின்றி, அச்சிட்ட மாதிரிக் கட்டுரைகளே வழங்கப்பட்டன.

2001ஆம் ஆண்டின் பின் அரசாங்கப் பாடசாலைகள் சிலவற்றில் ஆங்கில மொழிமூலம் மீளவும் அனுமதிக்கப்பட்டது. ஆசிரியர் கிடைத்த நகரப் பாடசாலைகளே அதனைத் தொடக்கக்கூடியனவாயிருந்தன. க.பொ.த. சாதாரண தரத்துக்கு ஆங்கில இலக்கியத்தை ஒரு பாடமாக எடுக்கும் வாய்ப்பும் அத்தகைய பாடசாலைகளைச் சார்ந்தே இருந்து வந்துள்ளது. தோட்டப்புறப் பாடசாலையிலிருந்து வரும் மாணவி பரீட்சைக்கு முன் 'எனது ஊர்' என்னும் தலைப்பிலான மாதிரிக் கட்டுரையை மனனஞ் செய்கின்றாள். அதில் வரும் ஊர் அவளுடையதன்று. கடற்கரையும் மீனவரும் உள்ள வேறோர் ஊர். விடைத்தாளில் அவள் அவ்வூரையே பிழையின்றி எழுதி வைக்கின்றாள்.